கயிறு மட்டும் கிடக்கும் குழாய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ஊருக்கெல்லாம் இன்டர்நெட் கொடுக்கிற வீட்டிலிருந்து காகிதத்தில் கடிதமா என்று சிரிப்பாய், சிரி. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொள்கிறார், இதை அவர் காதுபடச் சொல்ல முடியாது.

புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. மண்ணுக்கடியில் கேபிளுக்குக் குழாய் போட்டு வைத்திருப்பவர்கள், அதில் இடம் இருந்தால் போட்டிக் கம்பெனிக்கும் வாடகைக்கு விட்டே ஆகவேண்டுமாம், சின்னவன் பெரியவன் என்ற பேச்சே இல்லையாம். அந்தப் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஒரே தெருவை எத்தனை தடவைதான் தோண்டுவது, எதிர்க்கடைத் தையல்காரர்கூட "மறுபடி தூசி பறக்காம இருந்தா சரிதாம்மா" என்கிறார். ஆனால் எனக்கு இதில் நம்பிக்கையில்லை. அப்பாவின் சிநேகிதர், நீ குண்டு மாமா என்பாயே, அவர் குழாயில் பெரிய கம்பெனி ஆட்கள் தங்கள் கேபிளை இழுத்தபோது இவருடையது உள்ளேயே அறுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பகல் முழுக்க லைன் இல்லை. திட்டு வாங்கியது மாமா, வாடிக்கையை அள்ளிக்கொண்டது அவர்கள். இப்போது அவர்களிடமே சம்பளத்துக்குப் போகிறார், வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன் வந்தால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகிறார். அன்றிலிருந்து புகார் போன் மணி அடித்தாலே எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

நம்மிடம் இரண்டு குழாய். ஒன்றில் நம் கேபிள், இன்னொன்றில் பின்னால் கேபிளைக் கட்டி இழுக்க விட்டுவைத்த கயிறு மட்டும். நீ படிக்கப் போன வருஷம் தெருவைத் தோண்டியபோதே "பொண்ணு வந்து தொழிலைப் பெருசாக்குவா" என்று கையோடு அதையும் போட்டுவிட்டார். ஒவ்வொரு மழைக்கும் பிறகு மூடிகளைத் திறந்து, ஒரு முனையில் நான் பிடிக்க மறுமுனையில் அவர் இழுத்து, கயிறு லேசாக ஓடுகிறதா என்று பார்ப்போம். போன வாரம் பார்வையிட வந்த அதிகாரியம்மா, இது எதற்குச் சும்மா கிடக்கிறது என்று கேட்டார். இவர் கொஞ்சமும் யோசிக்காமல் "சும்மா இல்லைங்க, அடுத்த வருஷம் என் பொண்ணு வர்றா, புதுக் குடியிருப்புக்கு அவதான் லைன் கொண்டுபோகப் போறா" என்று சொல்லிவிட்டார். சொந்த உபயோகத்துக்கு என்றால் வாடகைக்குக் கொடுக்க வேண்டாமாம், ஆனால் அதை மாசக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்கவேண்டுமாம், பிறகு பொய் என்று தெரிந்தால் லைசென்ஸே போய்விடுமாம்.

நீ அங்கேயே தங்கிவிட வீடு பார்த்துவிட்டாய் என்று என்னிடம் சொன்னதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருக்காதடி. நம்பிச் சொன்னார். நேற்று மழை விட்டதும் கயிற்றைப் பிடிக்கக் கூப்பிட்டார், பிடித்தேன். "கயிறு ஏன் நடுங்குது, நல்லாப் புடி" என்று அந்த முனையிலிருந்து சத்தம் போட்டார்.

உன்னை வரச்சொல்லி இதை எழுதவில்லை, உன் வாழ்க்கை உன் இஷ்டம். அவர் எழுதிக் கொடுக்கும் முன்னால் நீயே சொல்லிவிடு, என் வாயில் வரமாட்டேன் என்கிறது. குழாய் போனால் போகட்டும், அவர் இருக்கவேண்டும் எனக்கு. தலைவலி என்றாயே, கண்ணாடியை மாற்று. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இரு. கூப்பிடும்போது என் போனுக்கு வேண்டாம், அப்பா போனுக்கே கூப்பிடு.

உன் அம்மா