முதலில் வந்து உட்கார்ந்தவன்

மார்ச் 4, செவ்வாய்

அக்காவின் பசுமைக்குடிலுக்குப் போய் வந்தேன். தக்காளிச் செடிகள் பச்சையாகவே தொங்கிக் கிடக்கின்றன. இலையில் மஞ்சள் இல்லை, புள்ளி இல்லை, பூச்சி இல்லை. மத்தியானம் தலை சாய்கிறது, சாயங்காலம் நிமிர்கிறது. சில நாளில் நிமிர்வதையும் விட்டுவிடுகிறது. பாதிக் குடில் போய்விட்டது. புது நாற்றுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டாள். அதே மண்ணில் நடலாமா, கூடாதா? அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். மண்ணில் வாடல் பாக்டீரியா இருந்தால் புது நாற்றும் அவ்வளவுதான்.

"விஞ்ஞானி வந்தாச்சு, இனிமே செடிங்க பயத்துலயே நிமிர்ந்துடும்" என்றார் மாமா. அக்கா வீட்டுக்காரர் என்பதால் விட்டேன்.

தண்டுகளை வெட்டி எடுத்து வந்தேன். வெட்டிய தண்டை டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டால் பாக்டீரியா பால் மாதிரி இறங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்யும் சோதனை. நமக்கெதற்கு? நேராக ஆய்வகம். தண்டுச் சாற்றைக் கிருமி வளர்க்கும் தட்டில் தேய்த்தேன், வேலை முடிந்தது.

மார்ச் 5, புதன்

ஒரே ராத்திரியில் தட்டு நிறையப் புள்ளிகள். சிவப்பாக, வட்டமாக, சட்டைப் பொத்தான் மாதிரி. அழகு. ஆள் அகப்பட்டாச்சு. அதையே வளர்த்து நல்ல நாற்றுகளின் வேரில் ஊற்றப் போகிறேன். வாடினால் இவன்தான்.

மார்ச் 14, வெள்ளி

ஒன்றுகூட வாடவில்லை. என்னைவிடக் கொழுகொழுவென்று இருக்கின்றன. அப்படியானால் பாக்டீரியா இல்லை. வேரில் தண்ணீர் தேங்கியிருக்கும். அக்காவைக் கூப்பிட்டேன்.

"தண்ணியக் குறை. நாளைக்கு நாத்து வந்ததும் நட்டுடு."

"நல்லாத் தெரியுமாடா?"

"கண்டிப்பா."

"சரி" என்று வைத்துவிட்டாள். நன்றின்னு ஒரு வார்த்தை? கிடையாது.

மார்ச் 16, ஞாயிறு

தூக்கம்.

மார்ச் 17, திங்கள்

காலையில் மேடம் — எங்கள் ஆய்வகத் தலைவி — ஒரு தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சளி யாரு வீட்டுது?" என்றார்.

என் வீட்டுதுதான். எடுத்துப் போடச் சோம்பல்பட்டு விட்ட பழைய தட்டு. பொத்தான்களுக்கு நடுவே வழவழவென்று, ஒரு வடிவமும் இல்லாமல், வெள்ளையாக, நடுவில் மட்டும் இளஞ்சிவப்பு. வாடல் பாக்டீரியாவின் முகஜாடையே அதுதான். படித்திருக்கிறேன். அது தலைகாட்ட இரண்டு மூன்று நாள் ஆகும் — அதையும்தான் படித்திருக்கிறேன்.

"முதல் நாளே எடுத்துட்டியா?"

"ஆமா மேடம்."

"கல்யாண வீட்டுல முதல்ல வந்து உக்காந்தவன்தான் மாப்பிள்ளையா?"

அக்கா போனை எடுக்கவில்லை. மாமாவும். நட்டிருப்பாளா? நான்தானே நடச் சொன்னேன். எவன்டா உன்ன அவ்வளவு தைரியமாச் சொல்லச் சொன்னது? பைக்கை எடுத்தேன்.

நாற்றுத் தட்டுகள் குடிலுக்கு வெளியே நிழலில், ஒன்று குறையாமல்.

"ஏன் நடல?"

"நீதான் கண்டிப்பான்னு சொன்னியே."

"அதான் சொன்னேன்ல?"

"அதான் நடல. சைக்கிள் பிரேக் கண்டிப்பா பிடிக்கும்னு சொன்ன. இவர் போன் தண்ணில விழுந்தா கண்டிப்பா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன."

"அந்த போன் இன்னும் டிராயர்லதான் தூங்குது மாப்ள" என்றார் மாமா.

சமையலறை டம்ளரில் தண்ணீர் பிடித்து, வாடிய தண்டை வெட்டித் தொங்கவிட்டேன். ஐந்தே நிமிஷம். வெட்டிய இடத்திலிருந்து ஒரு வெள்ளை நூல், சிகரெட் புகையைத் தலைகீழாகப் பார்க்கிற மாதிரி, இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

"இனிமே இந்த டம்ளர்ல யாரு குடிக்கறது?" என்றார் மாமா.

"கழுவிட்டுக் குடிங்க மாமா. இது செடியத்தான் தாக்கும், மனுஷனுக்குக் கண்—"

நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 29, சனி

ஆய்வகத்தில் அந்தச் சளியை வளர்த்து ஊற்றிய நாற்றுகள் செவ்வாய்க்கிழமையே வாடிவிட்டன. பச்சையாகவே. வெறும் தண்ணீர் ஊற்றியவை பக்கத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. வாடியவற்றின் சாற்றை மறுபடி தட்டில் இட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை. இன்று பார்த்தால் அதே சளி. ஒரு குதி குதித்தேன். மேடம் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

அப்புறம்தான் அக்கா ஞாபகம் வந்தது. அந்த மண்ணில் இனி சில வருஷத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் கூடாது. சொன்னேன். "ம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்ப என்னத்தப் போடறது?"

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்காவின் புது நாற்றுகள் வேறு மண் நிரப்பிய பைகளில், வாசலோரம் பிழைத்துக் கிடக்கின்றன. சாப்பிடும்போது அக்கா கேட்டாள்: "குடில்ல மக்காச்சோளம் போட்டா வருமா?"

அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சோற்றோடு விழுங்கினேன்.

"வரும்னுதான் நினைக்கறேன். இந்தக் கிருமி சோளத்துப் பக்கம் போனதா நான் பார்த்ததில்ல. எதுக்கும் முதல்ல ஒரு மூலைல போட்டுப் பார்க்கலாம்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். விதைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

நான் சாப்பிட்டு முடித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தபோது பாதிக் குடிலை விதைத்து முடித்திருந்தாள்.