லத்தி கேட்ட காலனி

அன்புள்ள பூர்ணா அக்காவுக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, அம்மாவுக்குத்தான் கோபத்தில் சோறு இறங்கவில்லை. தெலுங்கில் படித்தவளுக்குத் தமிழ் எழுத வராதே, அதனால் அவள் சொல்லச் சொல்ல அஸ்வினியாகிய நான் எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். கௌஹாத்தியில் குளிர் ஆரம்பித்திருக்கும், மப்ளர் இல்லாமல் வெளியே போகாதே என்று முதலில் எழுதச் சொன்னாள்.

நம் மாடியில் குடியிருக்கும் இர்பான் அண்ணனை உனக்குத் தெரியும். போன மாதம் நாச்சாரம் பாக்டரியில் ஷிப்ட் முடித்து வந்து நம் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தவரை, கும்பலைக் கலைக்க வந்த போலீஸ் லத்தியால் அடித்து மணிக்கட்டை உடைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக்கூடக் கூட்டிப் போகவில்லை. இன்னும் கட்டோடு இருக்கிறார், வேலைக்குப் போக முடியவில்லை. அதற்குப் பிறகு ஸ்டேஷனில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். எப்போது லத்தி எடுக்கலாம், அடிபட்டவரை என்ன செய்ய வேண்டும் என்ற விதிகளைக் காலனிக்காரர்களோடு உட்கார்ந்து திருத்தப்போகிறோம் என்று நம் சங்கத்தைக் கூப்பிட்டார்கள். நான் அவற்றை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு அம்மாவோடு போனேன்.

அங்கே முதலில் இன்ஸ்பெக்டருக்குச் சால்வை, பிறகு பூங்கொத்து, பிறகு போட்டோ. சால்வை கோணலாக இருந்ததென்று மறுபடியும் போட்டோ. அப்புறம் சங்கத் தலைவர் பத்மநாபன் மாமா எழுந்து, சார், டீக்கடையில நிக்கிற பசங்களுக்கு ரெண்டு போடுங்க, நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்! இன்ஸ்பெக்டருக்கே சங்கடமாகி, அடிக்கிறதைக் குறைக்கத்தானே உங்களைக் கூப்பிட்டோம் என்றார். அம்மா எழுந்து, எங்க மாடியில இருக்கறவருக்கு மணிக்கட்டே உடைஞ்சிருக்கு, அவரைக் கேளுங்க என்றாள். மாமா உடனே, வாடகைக்கு இருக்கறவங்க சங்கத்துல மெம்பரே இல்ல சாந்தாம்மா, அதெல்லாம் நக்கோ, வேண்டாம் என்றார்.

அடி வாங்குகிறவர்களை வெளியே நிறுத்திவிட்டு, ஒரு நாளும் அடிபடாதவர்கள் உள்ளே உட்கார்ந்து விதி எழுதினால் அதற்குப் பெயர் மக்கள் கருத்தா அக்கா? அப்பா சங்கச் செயலாளர், கூட்டம் முழுக்கத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, பத்மநாபன் தினம் முகத்துல முழிக்கிற மனுஷன், எப்படிம்மா எதிர்த்துப் பேசறது என்கிறார். மறுநாள் இர்பான் அண்ணன் மாடிப்படியில் நின்று, மீட்டிங்ல என் விஷயம் வந்ததா அம்மா என்று கேட்டார். அம்மா, ஹவ், ஆமா, வந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்து அழுதாள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு கடைசிக் கூட்டம். செயலாளர் யாரைக் கூட்டி வந்தாலும் கேட்கிறேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா இர்பான் அண்ணனை ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். நீ சொன்னால்தான் அவர் கேட்பார், திட்டாமல் பேசு என்கிறாள் அம்மா.

நீ நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் சொல்கிறாள். அப்பாவுக்குப் போன் செய்ய மறக்காதே. அவர் கூப்பிடாவிட்டால் இர்பானை நானே அழைத்துப் போய் மேடையில் செயலாளர் நாற்காலியில் உட்கார வைப்பேன் என்கிறாள். இதையும் அப்பாவிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா சாந்தா
(சொல்லக் கேட்டு எழுதியவள் அஸ்வினி. எனக்கும் அதே கோபம்தான்.)