கயிறு எட்டும் தூரம்

ஜூன் 4

அன்புள்ள ராக்கோழிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். போன் டவர்கூட இல்லாத பாலைவனத்தில் போய் நட்சத்திரத்தைப் படம் பிடிக்கும் புருஷனிடம் நம்பிக்கையைத் தவிர வேறு எதை வைப்பது? வியாழக்கிழமை இங்கிருந்து அங்கே வரும் தண்ணீர் லாரிதான் நமக்குத் தபால்காரர்.

உங்கள் அண்ணன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். இனி உண்மை. என் அறையில் ஒரு கட்டில், மூன்று பழைய சூட்கேஸ், ஓடாத ஃபிரிட்ஜ், அப்புறம் நான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கையை நீட்டினால் சுண்ணாம்பு ஒட்டுகிறது. குளிக்கப் போனால், "மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுது?" என்கிறார் உங்கள் அண்ணி. கதவைச் சாத்தினால், "உள்ள அப்படி என்ன வேலை?" என்கிறார். பதினான்கு மாதமாக இந்த அறைக்கும் சமையலறைக்கும் நடக்கிறேன். மூச்சு முட்டுகிறது.

அங்கே குடும்பத்துக்கு அறை உண்டு என்று போகும்போதே சொன்னீர்கள். எப்போது வரட்டும்?

வானத்தைப் பார்த்து நாளாயிற்று. கடைசியாக எடுத்த படம் ஒன்றையாவது அனுப்புங்கள்.

உங்கள்
வாயாடி


ஜூன் 11

அன்பு வாயாடிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என்ன செய்வது, குடும்ப அறைக்கு இன்னும் கூரை போடவில்லை. இங்கே எல்லாம் ஆமை வேகம்தான்.

எனக்குத் தலைக்கு மேல் வேலை. வானம் பார்க்க வருகிறவர்களுக்குப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் முகாமில் ஒரு விளக்கு எரியக் கூடாது. கேமராவை இருபது நொடி கண் திறந்து வைக்க வேண்டும், அதற்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாக இழுத்துவிடும். இதைத் தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறேன்.

படம் கேட்டாயே, இத்துடன் இருக்கிறது. போன வாரம் அமாவாசையன்று மலைக்கு அந்தப் பக்கம் தனியாக நடந்து போய் எடுத்தது.

அண்ணியிடம் கொஞ்சம் அனுசரித்துப் போ. இன்னும் ஆறே மாதம்.

உன்
ராக்கோழி


ஜூன் 18

உங்களுக்கு,

படத்தைக் கட்டிலுக்கு எதிரே ஒட்டிவைத்தேன். ஒரு ஜன்னல் கிடைத்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள்தான் கவனித்தேன். மலைக்கு மேலே வரிசையாக மூன்று நட்சத்திரம்.

கல்யாணமான புதிதில் மொட்டைமாடியில் நீங்கள்தானே காட்டினீர்கள்? "அது வேட்டைக்காரனோட இடுப்பு வாரு. குளிர்காலத்துல ராத்திரி பூரா நிப்பான். ஜூன்ல தேடாத, சூரியனோட சேர்ந்து பகல்லயே வந்துட்டுப் போயிடுவான்." அப்படிப்பட்டவனுக்கு இந்த ஜூன் அமாவாசையில் என்ன வேலை? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், நீங்களே எனக்குச் சொல்லிக்கொடுத்த வானத்தில் மறைக்க முடியாது.

அது பழைய படம். எதற்குப் பொய்? அந்த அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா? மூன்று ராத்திரியாகத் தூங்கவில்லை. உண்மையை எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

(பெயர் போட மனமில்லை)


ஜூன் 25

அன்பு வாயாடிக்கு,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். சத்தியமாக வேறு யாரும் இல்லை.

இருட்டினால் எனக்குக் கண் தெரிவதில்லை. மாலைக்கண். ஜனவரியிலிருந்தே இப்படி. முகாமுக்கு அந்தப் பக்கத்து நகரத்துக்குப் போய் டாக்டரிடம் காட்டினேன். பரம்பரை நோய், சரியாகாது என்றார். விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேரும் நல்ல மனுஷன் என்று அப்பாவைத் தெருவே மெச்சும், ஞாபகம் இருக்கிறதா? நல்லவர்தான். ஆனால் சீக்கிரம் வந்த காரணம் இதுதான் என்று இப்போது புரிகிறது.

பகலிலேயே தூரத்து மலையைப் பார்த்து லென்ஸைச் சரிசெய்து, அந்த வளையம் நகராமல் டேப் ஒட்டிவிடுவேன். அறை வாசலிலிருந்து கேமரா மேடை வரை கயிறு கட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் தடுக்கி விழாமல் இருக்க என்று முதலாளியிடம் சொன்னேன். நல்ல யோசனை என்று முதுகில் தட்டினார். அறுபது அடி. சுற்றிலும் எங்கேயும் சுவர் கிடையாது, நான் இந்த அறுபது அடிக்குள் கிடக்கிறேன். "எவ்வளவு நட்சத்திரம் சார்!" என்கிறார்கள். "ஆமாங்க" என்கிறேன். எனக்கு எல்லாம் ஒரே கறுப்பு.

கடைசியாக எடுத்த படம் கேட்டாய். டிசம்பரில் எடுத்தது அது. என் கண்ணால் பார்த்து எடுத்தவற்றில் அதுதான் கடைசி.

குடும்ப அறைக்குப் பிப்ரவரியிலேயே கூரை போட்டுவிட்டார்கள். நீ வந்தால் முதல் ராத்திரியே கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். இப்போதும் சொல்கிறேன், வராதே. விஷயம் தெரிந்தால் என்னை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். அங்கே உனக்குச் சோறும் கூரையுமாவது நிச்சயம்.

உன்
பேருக்கு ராக்கோழி


ஜூலை 2

என்னங்க,

ஒரு நாள் முழுக்க அழுதேன். பாதி உங்கள் கண்ணுக்காக, பாதி அந்தப் பிப்ரவரிக்காக. கூரை போட்ட அறை அங்கே காலியாகக் கிடக்க, ஐந்து மாதம் என்னை இந்தச் சுவரோடு விட்டுவைத்தீர்களே. கண் போனதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? மறைத்ததற்குத்தான் கோபம். இன்னும் மன்னிக்கவில்லை.

நேற்று உங்கள் அண்ணியிடம் கிளம்புகிறேன் என்றேன்.

"அவரு கூப்பிட்டாரா?"

"இல்லக்கா. வராதேன்னு எழுதியிருக்காரு."

"அப்புறம்?"

"அதான் போறேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மூன்று சூட்கேஸில் நல்லதாக ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார்.

இந்தக் கடிதத்தை லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து இப்படிக் குலுங்குகிறது. லாரி இருட்டிய பிறகுதான் போய்ச் சேருமாம். காலையில் முதலாளியிடம் நாம் இரண்டு பேருமாகப் போய்ச் சொல்லிவிடுவோம். பகல் வேலை உங்களுக்கு, ராத்திரி வேலை எனக்கு என்று கேட்டுப் பார்ப்போம். இருபது நொடி எண்ண எனக்குத் தெரியும். முடியாது என்றால் லாரி இருக்கிறது. எங்கே போனாலும் சேர்ந்துதான், அந்தக் கயிற்றை மட்டும் நானே அவிழ்ப்பேன்.

நேரில் வருகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் சண்டை போட மறந்துவிடும், அதனால் எழுதிவைத்துக்கொண்டேன். அங்கே விளக்கு எரியக் கூடாதே, போய்ச் சேர்வதற்குள் மனப்பாடம் செய்து ராத்திரி நானே சொல்லிக் காட்டுகிறேன். நடுவில் நான் அழுதாலும் இருட்டில் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. குரலை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

வாயாடி