மோகனாவுக்கு ஐந்து வருடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

என் அறைத்தோழி மோகனாவின் கட்டிலுக்கு அடியில் இருந்த புது விளையாட்டுச் சப்பாத்தைத்தான் முதலில் பார்த்தேன். நான் ஜொகூரில் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

ஃபேக்டரியின் சாஃப்ட்பால் அணிக்கு அவளை ஐந்து வருட ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறார்கள். ஓர் ஆட்டம்கூட ஆடாதவள்! “சின்ன வயசுதான்லா, பழகிக்குவா,” என்றார் கோச். என் வேலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் நீட்டிக்கிறார்கள். வயிறு எரிகிறது, அம்மா. நம் ரெம்பாவ் தோட்டத்தில் கல்லெறிந்து குரங்கு விரட்டிய என் கை அவளைவிடத் தூரம் எறியும். அணிக்கு ஆள் எடுத்த அன்று வெட்கத்தில் பின்னால் நின்றுவிட்டேன்.

“பொறாமையா, யோகேஸ்?” என்று மோகனா சிரித்தாள்.

“ஆமாடி,” என்றேன்.

தேங்காய் எண்ணெய் அனுப்புங்கள். இங்கே தலைவாரிவிட யாருமில்லை.

இன்று வேலை முடிந்ததும் திடலுக்குப் போய், கோச் முன்னால் நின்று பந்தைக் கேட்டேன்.

யோகேஸ்வரி