பட்டி வைத்து அடைத்த ஓட்டைகள்

பியூலா,

டூட்டி முடிந்து பசியோடு வருவாய். சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சீசன் லோடு ஏற்ற சிவகாசி கம்பெனிக்குப் போகிறேன்.

மாடியில் உன் செடிப் பெட்டியைத் தொடாதே, வார்னிஷ் ஈரம். தண்ணீர் வடிய நீ போட்ட ஓட்டைகளை ஆணி பிடுங்கிய ஓட்டை என்று நினைத்து, பட்டி மாவு வைத்து அடைத்து, மேலே ஸ்டெயினும் அடித்த, உன்னைக் கட்டிய அந்த மேதை, காலையில் அத்தனையையும் திரும்பத் துளைத்துவிட்டான். மரம் மக்கிவிடாமல் இருக்கத் துளைக்குள்ளும் வார்னிஷ் தடவியிருக்கிறான்.

"இதுல ரோசாவ நடவா, கெண்ட மீனு விடவா? நீங்களே சொல்லுங்க!" என்று நேற்றுக் கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தினாயே, முகத்தைத் தொங்கப்போட வேண்டிய நேரத்தில் அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்க அவன் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும்.

மாணிக்கராஜ்

எழுத மறந்தது: வாளியில் நிற்கிற ரோஜாவைச் சாயங்காலம் சேர்ந்தே நடுவோம். தண்ணீர் ஊற்றியதும் இரண்டு பேரும் குனிந்து பெட்டிக்கு அடியில் பார்ப்போம். ஒரு சொட்டு விழுந்தாலும் நீ என்னோடு பேச வேண்டும். விழாவிட்டால், திட்டுவதற்காவது வாயைத் திற.