போண்டா சூடு, வாயை மூடு

இன்று ஒரகடம் கேண்டீனில், புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி என்னைக் கண்டதும் தோழியின் காதில், "சூப்பர்வைசர் வராரு. பப்ஸ் சூடு, வாயை மூடு" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. உன் நினைப்பில் கையிலிருந்த டீ ஆறிப்போனது. அந்தச் சொலவடையை முதலில் சொன்ன நீ செத்து எட்டு மாதமாகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பட்டறையில் நாம் ஒன்றாக வேலை பார்த்தோம். மாதம் ஒருமுறை மேனேஜர் எல்லோரையும் கூட்டி, ஆளுக்கொரு சூடான போண்டா கொடுப்பார். அது வாய்க்குள் போன நேரம் பார்த்து, "யாருக்காவது குறை இருக்கா?" என்பார். முழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. குறையில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார்.

அப்போது தகடு அடிக்கிற என் பிரஸ் மெஷின், பெடலை மிதிக்காமலேயே இன்னொரு தடவை இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். வாயைத் திறந்தால் வேலை போய்விடுமோ என்று பயம். எனக்காக மேனேஜரிடம் நீ கேட்பதாகச் சொன்னாய். கூட்டத்தில் நீயும் கன்னம் உப்ப நின்றாய்.

"இன்னாடா, வாயில கொழுக்கட்டையா?" என்றேன் வெளியே வந்ததும்.

"கொழுக்கட்டை இல்லடா. போண்டா சூடு, வாயை மூடு."

பட்டறையே சிரித்தது. ஒரே வாரத்தில் அது வாலாஜாபாத் பஸ் வரை போனது. பெண்டாட்டியிடம் வாயடைத்தவனுக்கும் அதுதான், பஞ்சாயத்தில் பம்மியவனுக்கும் அதுதான். சொன்ன நீ மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் போண்டாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் போனாய். "சார், இவன் மெஷின் தானா எறங்குது. கை பூடும். சரி பண்ற வரைக்கும் இவன் அதுல ஒக்கார மாட்டான்." பையில் எண்ணெய் ஊறிக்கொண்டே இருந்தது. மேனேஜர் என்னைப் பார்த்து, "அப்படியா?" என்றார். நான் தலையைக்கூட ஆட்டவில்லை. உன்னிடம் சொன்னதே இல்லை, அன்றைக்குப் போண்டா சூடாகவே இல்லை.

மெஷினை நிறுத்தினார்கள். உன்னையும் நிறுத்தினார்கள். வடக்குப்பட்டில் உன் வீட்டுக்கு வந்து அழுதேன். "வுட்றா, சட்டைதான் வீணாப்போச்சு" என்றாய்.

அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. இப்போது என் லைனில் மாதக் கூட்டம் நடத்துவது நான்தான். எல்லோரும் பேசி முடித்த பிறகே பப்ஸ் தட்டு உள்ளே வரும். ஆறிப்போச்சு என்று என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும். அந்தத் தட்டை நீட்டுகிற என் கையில் ஐந்து விரலும் இருக்கின்றன, நண்பா.