உங்கள் தம்பிக்கும் சேர்த்து ஒரே ரொட்டி

மதிப்பிற்குரிய கணவர் அவர்களுக்கு,

நான் வேலைக்குப் புறப்படுகிறேன். சாவி ஆணியில் உள்ளது. மேசைமேல், துணியால் மூடிய தட்டில், விடியலில் நான் சுட்ட ரொட்டி இருக்கிறது. ரொட்டி என்பது கோதுமை மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கும் சேர்ந்து உருவாவதாகும். மாவிலிருந்து தவிட்டை நீக்கவில்லை, சர்க்கரை சேர்க்கவில்லை. ஆகவே கடை ரொட்டியைவிட இது உங்கள் உடம்புக்கு ஏற்றது.

பதினொரு மணிக்கு உங்கள் தம்பி வருவார். வரச் சொன்னது நான்தான். மூன்றாண்டுகள் பேசாமல் இருந்தது போதும்.

"நாலு எழுத்து படிச்சதும் எனக்கே புத்தி சொல்றியா?" என்று நேற்றுக் கத்தினீர்கள். ஆம், படித்தேன். தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனையும் இயேசு பந்தியிலிருந்து எழுப்பவில்லை. அவனுக்கும் அப்பம் கொடுத்தார். உங்கள் தம்பியோ, உங்களைக் கேளாமல் உங்கள் அப்பாவின் சைக்கிளை யாருக்கோ கொடுத்தார். அவ்வளவுதான்.

கதவைத் திறவுங்கள். ரொட்டியைக் கையால் பிட்டு, முதல் துண்டை அவருக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மனைவி

பின்குறிப்பு: பாதியை வெட்டி அவர் முன்னே வைத்துவிட்டு, மீதியோடு அறைக்குள் போய்விடுவீர்கள் என்பதை நான் அறிவேன். கத்தியைத் தேட வேண்டாம். அது என் பையில் இருக்கிறது.